கரீமுல்லாவின் கல்

786
தியாகராய நகர்
10-8-1969

மாப்பிள்ளை கரீமுல்லாவுக்கு மச்சான் மெஹபூப் அலி சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே காலில் பலம் இருக்கிறது, ரிக்‌ஷாவில் செயின் இருக்கிறது, வேறு குறை இல்லை. அங்கே உன் மூச்சிரைப்பு எப்படி? தங்கச்சி அஸ்மத்துன்னிசா எப்படி? பிரசவத்துக்கு நாள் பார்த்திருக்கும் உன் மகள் நஸ்ருன்னிசா எப்படி?

நீ ஆம்பூருக்குப் போனது எந்த வருஷம் என்று நாளைக்கு எவன் கேட்டாலும் நான் திணறமாட்டேன். அண்ணா கண்ணை மூடின வருஷம். நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்த வருஷம். நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று பானகல் பார்க் ரேடியோவில் சொன்னதும், நம் மண்ணாங்கட்டி அண்ணாந்து பார்த்து, "எறங்கினவன் வண்டிய எங்க நிறுத்தினான்? அங்கயும் எவனாவது வந்து எடுன்னு சொல்லப் போறான்" என்றானே, அந்த வருஷம். அடுத்த வாரம் நீ ரயில் ஏறினாய்.

இந்தக் கடிதம் எழுதுகிறவர் கனகராஜ். தபாலாபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதுகிறவர். என் பேச்சை அவரே எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறார். உன் கல்லைப் பற்றி எழுதச் சொன்னதும், அதென்ன கல் என்று கேட்டார், சொன்னேன். கூவம் பொங்கி சிந்தாதிரிப்பேட்டை முழுகின வருஷம் நாம் ஐந்து பேர் இந்தத் தெரு ஓரத்தில் ஆளுக்கொரு கல் போட்டோம். அப்போது கை ரிக்‌ஷா. சவாரி போகிறவன் தன் இடத்தில் தன் கல்லை வைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்வரை அதில் எவனும் சக்கரம் ஏற்றமாட்டான். உடம்புக்கு முடியாமல் கிடந்தாலும், ஊருக்குப் போனாலும் கல் இருக்கும். ஆள் மவுத்தாகி மண்ணுக்குப் போனால் மட்டும்தான் கல்லை எடுப்போம். இழுக்கக் கூடாது, இரண்டு பேர் தூக்கிப் போய் பார்க் ஓர வாகை மரத்தடியில் வைக்க வேண்டும். பின்னால் இருப்பவன் ஓர் இடம் முன்னால் வருவான். ஷரீஃபும் அய்யாதுரையும் அப்படித்தான் மரத்தடிக்குப் போனார்கள். இப்போது வரிசையில் முதல் கல் உன்னுடையது, அடுத்தது மண்ணாங்கட்டி, மூன்றாவது நான்.

சென்ட்ரலில் ரயில் கிளம்புகிற நேரத்தில், "உன் கல்ல நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ என் கையைப் பிடித்தாய். அப்புறம் கூஜாவில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று இறங்கிப் போனாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கவலைப்படாதே. இரண்டு மாதம் நிம்மதியாக இரு.

எல்லோருக்கும் என் துஆ.
மெஹபூப் அலி (கைநாட்டு)


ஆம்பூர்
4-9-1969

அன்புள்ள மச்சானுக்குக் கரீமுல்லா எழுதிக்கொண்டது. சலாம். நஸ்ருன்னிசாவுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். எனக்கு ராத்திரி மூச்சு கொஞ்சம் பரவாயில்லை. இங்கே தோல் ஷாப்பு வாடை பழகிவிட்டது.

கல்லுக்காக நீ ரொம்பச் சிரமப்பட வேண்டாம். வெயிலில் நிற்காதே. மண்ணாங்கட்டியைக் கேட்டதாகச் சொல்லவும். அஸ்மத் உனக்கு சலாம் சொல்லி, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
கரீமுல்லா


786
தியாகராய நகர்
28-9-1969

மாப்பிள்ளைக்கு சலாம். பேத்தி பிறந்த செய்தி கேட்டு ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். குழந்தை யார் ஜாடை? அஸ்மத் ஜாடையாக இருந்தால் அழுகை தெருவுக்கே கேட்குமே, உன் தூக்கம் எப்படி?

இங்கே நம் கல்லுக்கு நேர் எதிரே ஜவுளிக் கடை திறந்துவிட்டார்கள். வடிவாம்பாள் ஜவுளி மாளிகை. முதலாளி சுயம்புலிங்கம், தெற்குச் சீமைக்காரர். நீ இருக்கும்போது சாரம் கட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்களே, அதுதான். திறந்த நாளிலிருந்து தெரு முழுக்கக் கார். ஒருத்தன் குறுக்கே நிறுத்துகிறான், ஒருத்தன் வாசலை அடைத்து நிறுத்துகிறான், ஒருத்தன் பூட்டிக்கொண்டு பட்டுப் புடவை பார்க்க மாடிக்குப் போய்விடுகிறான். பின்னால் பத்துப் பேர் ஹாரன் அடிக்கிறார்கள். அடையாறிலிருந்து வந்த ஒரு ஃபியட் டிரைவர் உன் கல்லை உதைத்து உருட்டினான். "யோவ், அது கல்லு இல்ல, ஆளு" என்றேன். "ஆளுன்னா எழுந்து போவச் சொல்லு" என்றான். அவனை நான் என்ன சொன்னேன் என்றால்.

(அந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கை வரவில்லை. - கனகராஜ்)

என் வண்டியில் மயிலாப்பூர் மாமி ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். "ஏம்ப்பா, ஆளே இல்லாத கல்லுக்காக என்னை வெயில்ல உக்கார வச்சுண்டு சண்டை போடறயே, எங்காத்துல காத்துண்டிருப்பா" என்றாள். ஆள் வருவான் மாமி, அதனால்தான் சண்டை என்றேன். கல்லை எடுத்து மறுபடி உன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பெடலில் கால் வைத்தேன்.

மறுநாள் சுயம்புலிங்கம் என்னைக் கூப்பிட்டு சோடா உடைத்துக் கொடுத்தார். மரியாதைக்காரர்தான். "பாய், அந்த இடம் காருக்கு வேணும்லா. நான் கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டாச்சு. நீங்க ஏன் மல்லுக்கு நிக்கிய?" என்றார். கார்ப்பரேஷன்காரனையோ போலீஸ்காரனையோ பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அவனுக்கு என்ன தெரியும் நம் கல்? இடத்துக்குச் சொந்தக்காரன் ஊரில் இல்லை, வந்தால் அவனைக் கேளுங்கள் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீக்கிரம் வா. நீ வந்து நின்றால் அந்த ஆளுக்கு வாய் இருக்காது.

மெஹபூப் அலி (கைநாட்டு)


ஆம்பூர்
30-10-1969

மச்சானுக்கு சலாம். நாங்கள் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தபால் கவர் வாங்க மறந்து மறந்து போகிறது.

சண்டை சச்சரவு நம் வயசுக்கு வேண்டாம். கார்க்காரர்கள் செல்வாக்கு உள்ளவர்கள். சுயம்புலிங்கம் நல்ல மனுஷர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர். அவரோடு மோதாதே. என் வருகையை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை ஷரஃபுதீன் வேலை தேடி வெளியூர் போயிருக்கிறான். இங்கே ரொம்ப மழை.

கரீமுல்லா


786
தியாகராய நகர்
20-11-1969

மாப்பிள்ளைக்கு சலாம். நோன்பு எப்படிப் போகிறது? மூச்சிரைப்போடு நோன்பு வைக்காதே, அல்லா கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் கடிதத்தைக் கனகராஜை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். வழக்கம்போல டீக்கடையில் இருந்தவர்களும் கேட்டார்கள். தங்கச்சி சலாம் அதில் இல்லை. அஸ்மத் பேர் இல்லாமல் உன் வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்ததே இல்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உஸ்மான் ரோடு நகரவில்லை. ஊரே ஜவுளி எடுக்க வந்துவிட்டது. ஒரு பெரிய அம்பாசடர் பின்னாலேயே வந்து உன் கல் மேல் ஏறப் பார்த்தது. கத்தினேன், கேட்கவில்லை. என் வண்டியைக் குறுக்கே விட்டேன். முன் சக்கரம் அப்பளமாகிவிட்டது. என் இடது பாதமும் கொஞ்சம் மாட்டியது. ஆனால் கல் அசையவில்லை. நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். போலீஸ்காரர் வந்து, "யோவ் பெரியவரே, ரோட்டுல கல்லப் போட்டுக்கினு இன்னா ராஜ்யமா நடத்துற?" என்றார். மண்ணாங்கட்டி முன்னால் வந்து, "கூட்டிக்கினு போறதுன்னா ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போ நைனா. கல்லையும் ஏத்திக்கோ" என்றான். போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாயந்திரம்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்.

திரும்பி வந்தபோது கல் உன் இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு எனக்குக் கால் வலிக்கவே இல்லை. அடுத்த நாளிலிருந்துதான் வலிக்கிறது.

ஷரஃபுதீன் எந்த ஊருக்குப் போனான்? எந்த வேலை? அவனுக்கு நான் தாய்மாமன், எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

மெஹபூப் அலி (கைநாட்டு)


786
தியாகராய நகர்
18-12-1969

மாப்பிள்ளைக்கு சலாம், பெருநாள் துஆ. பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மண்ணாங்கட்டி போய்விட்டான். பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போன சவாரி. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் உட்கார்கிறேன் என்று மணலில் உட்கார்ந்தவன்தான். அவன் பெண்சாதி புஷ்பம் அழாமல் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தாளு கல்ல மொதல்ல எடுத்து வையி. அது அங்க கெடந்தா நான் அவரு வருவாருன்னு பாத்துக்கினே இருப்பேன்" என்றாள்.

நானும் பார்க் பக்கத்து ஆள் ஒருவனும் தூக்கினோம். என் கால் இருக்கிற நிலைக்கு நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன், ஆனாலும் கீழே வைக்கவில்லை. ஷரீஃப் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். என் கல் ஓர் இடம் முன்னால் வந்துவிட்டது. இப்போது வரிசையில் இரண்டே கல். உன்னுடையது, பின்னால் என்னுடையது.

மண்ணாங்கட்டிக்காகவாவது ஒரு வரி எழுது. அஸ்மத்துக்கு உடம்பு எப்படி?

மெஹபூப் அலி (கைநாட்டு)


ஆம்பூர்
9-1-1970

மச்சானுக்கு சலாம். மண்ணாங்கட்டி செய்தி கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அஸ்மத்துக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

நான் இனி ரிக்‌ஷா மிதிக்க வருவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடு. நீ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காலைக் கவனித்துக்கொள்.

கரீமுல்லா


786
தியாகராய நகர்
17-1-1970

மாப்பிள்ளைக்கு சலாம். உடம்பு தேறும், மனசு விடாதே.

கல்லை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். உயிரோடு இருக்கிறவன் கல்லை எடுக்கிற வழக்கம் நமக்கு எப்போது வந்தது? ஷரீஃப் மூன்று மாதம் காமாலையில் கிடந்தபோது அவன் கல்லை எடுக்கலாம் என்று அய்யாதுரை சொன்னான். அவன் சட்டையைப் பிடித்தது யார்? நீ. "அவன் மூச்சு இருக்கிற வரைக்கும் இது அவன் வாசப்படி" என்று சொன்னதும் நீ. நான் மறக்கவில்லை.

பொங்கலுக்கு உன் கல்லுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தேன். ஆள் வைத்து மிதிக்கலாம், வாடகைக்கு விடலாம், உன் பிள்ளை ஷரஃபுதீன் வந்து நிற்கலாம். இடம் இருந்தால் ஆயிரம் வழி. நான் இருக்கிறேன். இடம் போகாது.

மெஹபூப் அலி (கைநாட்டு)


786
தியாகராய நகர்
12-2-1970

கரீமுல்லாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

இன்று காலை கடை வாசலில் புதிதாக ஒருவன் காக்கிச் சட்டை, தொப்பி போட்டுக்கொண்டு விசில் ஊதினான். கையை ஆட்டி ஒரு காரை நேராக உன் கல்லுக்குக் கொண்டுவந்தான். நான் எழுந்து போய், "யார்ரா நீ" என்று தொப்பியைத் தட்டினேன். தொப்பி விழுந்தது. உள்ளே ஷரஃபுதீன்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியூர் போன பிள்ளை வந்துவிட்டானே என்று கட்டிக்கொண்டேன். எப்போது வந்தாய் என்றேன். அவன் தரையைப் பார்த்தான். "நான் எங்கயும் போவல மாமு. சிந்தாதிரிப்பேட்டையில கடை குடோன்லதான் இருந்தேன். உங்க கண்ணுல பட வேணாம்னு அத்தா சொன்னாரு" என்றான். ஏன் என்று கேட்டேன்.

"அத்தா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே மொதலாளிகிட்ட பேசி முடிச்சிட்டாரு மாமு. எடம் கடைக்கு, வேல எனக்கு. உங்களுக்கு அவரே சொல்லிடுவார்னு மொதலாளி இத்தினி மாசம் பொறுத்துக்கினு இருந்தாரு. நீங்க கல்ல காத்துக்கினு கீறத பாத்து கடையில எல்லாம் சிரிக்கிறாங்க. எனக்கு மானம் போவுது."

சுயம்புலிங்கம் கேட்க வேண்டியவர்களைக் கேட்டாயிற்று என்றது உன்னைத்தான். நல்ல மனுஷர், வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்று நீ எழுதினாயே, அவரை உனக்கு எப்படித் தெரியும் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கடை திறந்ததே நீ போன பிறகுதானே.

சென்ட்ரலில் நடந்ததை இன்று முழுக்க நினைத்துப் பார்த்தேன். கல்லைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான். நீ சரி என்று சொல்லவில்லை. பார்த்துக்கோ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனாய். கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. இறங்கும்போது உன் வேட்டியில் தளும்பியது. அதையும் பார்த்தேன், கரீமுல்லா. பார்த்துவிட்டும் ஒன்றும் நினைக்கவில்லை.

மெஹபூப் அலி (கைநாட்டு)

(இந்தக் கடிதத்தைப் பாய் என் காதருகில் மெதுவாகச் சொன்னார். டீக்கடையில் யாருக்கும் கேட்கவில்லை. - கனகராஜ்)


ஆம்பூர்
2-3-1970

மச்சான்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இத்தனை வருஷம் மிதித்து என் நெஞ்சு ஓட்டையாகிவிட்டது. என் பிள்ளைக்கும் அது வேண்டுமா? கடையில் மாதச் சம்பளம், தீபாவளிக்குத் துணி. என்னிடம் கொடுக்க அந்த இடத்தைத் தவிர என்ன இருந்தது? என் இடத்தைத்தானே கொடுத்தேன், உன் இடத்தையா கொடுத்தேன்? உனக்குப் பிள்ளை குட்டி இல்லை, உனக்கு இது விளங்காது.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதலாம் என்றால், நான் எழுதுவதைக் கனகராஜ் உரக்கப் படிப்பார், டீக்கடையே கேட்கும், மண்ணாங்கட்டி கேட்பான். என்னைப் பற்றி அவர்கள் நடுவில் உட்கார்ந்து நீ அதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தரமும் அதை நினைத்து வேறு எதையோ எழுதினேன். நீ காலைக் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியாது.

கரீமுல்லா

அண்ணனுக்கு அஸ்மத்துன்னிசா, மகள் நஸ்ருன்னிசா கையால் எழுதுவது. இவர் எழுதின கவரை ஒட்டுவதற்கு முன் வாங்கி இந்த வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். எனக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என் சலாமை இவர் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கால் வீங்கினால் உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடு, அண்ணா. என் சலாம்.


786
தியாகராய நகர்
20-3-1970

தங்கச்சி அஸ்மத்துன்னிசாவுக்கு அண்ணன் மெஹபூப் அலி சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது. வீக்கம் வடிகிறது. பேத்தி தவழ்கிறாளா? இனி இந்த விலாசத்துக்கு நான் எழுதுகிற கடிதமெல்லாம் உனக்குத்தான். உன் வீட்டில் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து முதல் கல்லைத் தூக்கக் குனிந்தேன். தனியாக முடியவில்லை. ஷரஃபுதீன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தான். நான் எந்தப் பக்கம் கொண்டுபோகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் அந்த மரத்தடியில் விளையாடினவன்தானே. "மாமு, ஓரமா வையின்னுதானே அத்தா சொன்னாரு. அங்க வேணாம் மாமு. அவரு உசிரோட கீறாரு" என்றான்.

"ஒரு பக்கம் புடி" என்றேன்.

பிடித்தான். நல்ல பிள்ளை அஸ்மத், அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இழுக்காமல் தூக்கித்தான் வந்தான். மண்ணாங்கட்டி கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். மவுத்தானவனுக்கு ஓதுவதுபோல ஃபாத்திஹா ஓதினேன். அவன் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

அப்புறம் வழக்கப்படி என் கல்லை ஓர் இடம் முன்னால் நகர்த்தினேன். கடை வாசலுக்கு நேரே, முதல் இடத்தில். வண்டியை அங்கே நிறுத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

சுயம்புலிங்கம் படி இறங்கி வந்தார். கோபப்படவில்லை. "என்ன பாய் இது, கல்லை எடுத்தாச்சுன்னு நெனச்சேன், மறுபடியும் கல்லா? இந்த இடம் பேசி முடிச்சதுல்லா?" என்றார்.

பேசினவன் கல் மரத்தடியில் இருக்கிறது, இது வேறு கல் என்றேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழக்கம் தெரியாவிட்டாலும் வியாபாரி அல்லவா, ஏதோ புரிந்துகொண்டார்.

"அப்ப இனிமே நான் யாரைத்தான் கேக்கணும்?"

ஐந்து பேர் கல் வைத்தோம் முதலாளி என்றேன். அய்யாதுரை போய்விட்டான். ஷரீஃப் போய்விட்டான். மண்ணாங்கட்டி மார்கழியில் போனான். கரீமுல்லாவை இப்போதுதான் அவன் பிள்ளையும் நானும் தூக்கி வைத்துவிட்டு வருகிறோம்.

"உயிரோட இருக்கிறது யாரு?" என்றார்.

மெஹபூப் அலி என்றேன்.